வியாபாரக் குறியும் புழக்க அத்தாட்சியும்

விளைபொருளைக் கோணியில் கட்டி மண்டிக்கு ஏற்றிவிட்டு, வந்த விலையைப் பெற்றுக்கொண்டு திருப்தியடையும் வழக்கம் நம் ஜில்லாக்களில் மெல்ல மாறி வருகின்றது. வெல்லம், செக்கெண்ணெய், மஞ்சள் தூள், தேன், பழைய ரக நெல்லரிசி ஆகியவற்றைக் குடியானவர்கள் தாங்களே சிறு பைகளிலும் புட்டிகளிலும் அடைத்து, ஒரு பெயரும் ஒரு சித்திரமும் இட்டு விற்கத் தலைப்பட்டுள்ளனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், பெயர் சூட்டுவதில் காட்டும் ஊக்கத்தில் நாலில் ஒரு பங்கையேனும், அப்பெயர் தங்களால் இன்ன நாள் முதல் வழங்கப்பட்டு வருகிறது என்று ருசுப்படுத்தும் காகிதங்களைச் சேர்ப்பதில் அவர்கள் காட்டுவதில்லை. இக்கவலையீனத்தால் பல வருஷ உழைப்பின் பலன் பிறர் கைக்குப் போகக்கூடும். ஆதலால் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் இவ்விஷயத்தைச் சற்று ஊன்றிக் கவனித்தல் நலம்.

குறி என்பது யாது?

ஒருவருடைய சரக்கை மற்றொருவருடைய சரக்கினின்று பிரித்துக் காட்டும் பெயர், எழுத்து, சித்திரம், முத்திரை முதலியவை வியாபாரக் குறி அல்லது டிரேட் மார்க்கு எனப்படும். இதனை அக்மார்க்கு முத்திரையுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. அக்மார்க்கு, 1937-ம் வருஷத்திய விளைபொருள் தரம்பிரித்தல், குறியிடுதல் சட்டத்தின்கீழ், சரக்கின் தரத்தைப்பற்றி அளிக்கப்படும் அத்தாட்சி. வியாபாரக் குறியோ, சரக்கு யாரிடமிருந்து வருகிறது என்பதைச் சொல்வது. மதுரை மல்லி, ஈரோடு மஞ்சள் போன்ற புவிசார் குறியீடுகள் மூன்றாவது வகை. அவை அந்தந்தப் பிரதேசத்து உற்பத்தியாளர் யாவர்க்கும் பொது. தனி ஒருவர் தம் சொத்தாகப் பாத்தியம் கொண்டாட முடியாது.

இந்தியாவில் வியாபாரக் குறிகளைப் பதிவு செய்வதற்கென முதன்முதல் ஏற்பட்ட சட்டம் 1940-ம் வருஷத்தியது. பிறகு 1958-ல் வேறொரு சட்டம் வந்தது. இப்பொழுது அமலில் இருப்பது 1999-ம் வருஷத்திய சட்டம். 2003-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம் செய்யும் முறையை 2017-ம் வருஷத்திய விதிகள் வகுத்துள்ளன. தமிழ்நாட்டவர் அணுக வேண்டிய பதிவு ஆபீஸ் சென்னைக் கிண்டியில் இருக்கிறது. மேற்படி விதிகளின்படி, தனி நபரும் சிறு தொழில் செய்வோரும் மின்வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புச் சரக்குக்கு ரூ. 4,500 கட்டணம், ஏனையோர்க்கு ரூ. 9,000. சமையல் எண்ணெய் 29-ம் வகுப்பிலும், அரிசி, வெல்லம், தேன், மஞ்சள் தூள் முதலியவை 30-ம் வகுப்பிலும், விதை, பச்சைக் காய்கனி, பூ முதலியவை 31-ம் வகுப்பிலும் அடங்கும்.

ஒரு சிறு கட்டத்தில் உள்ள பெரிய விஷயம்

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இக்குறி எந்தத் தேதி முதல் புழக்கத்தில் உள்ளது, அல்லது இனிமேல்தான் புழங்க உத்தேசிக்கப்பட்டுள்ளதா என்று அதில் கேட்கப்படுகின்றது. விண்ணப்ப நாளுக்கு முன்பே புழங்கியதாகச் சொல்பவர், 25-ம் விதியின்படி, அவ்விதம் புழங்கியதைப்பற்றி ஒரு பிரமாண வாக்குமூலமும், அதற்கு ஆதாரமான தஸ்தாவேஜுகளும் சேர்த்துத் தாக்கல் செய்தல் வேண்டும். எவரால் புழங்கப்பட்டது, எவ்வளவு காலம், விண்ணப்பத்தில் கண்ட சரக்குகள் எல்லாவற்றுக்குமா என்பனவற்றையும் சொல்ல வேண்டும். வெல்லத்துக்குப் பத்து வருஷமாகவும் தேனுக்குச் சென்ற வருஷம் முதலும் ஒரு பெயர் வழங்கினால், இரண்டுக்கும் பத்து வருஷம் என்று எழுதுவது பொய்யாகும்.

நிலத்தைப்பற்றி அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். பட்டா யார் பெயரில் உள்ளது என்பது ஒன்று; அந்நிலத்தை அந்தந்தப் பசலியில் யார் என்ன பயிர் செய்தார் என்று அடங்கலில் எழுதியிருப்பது மற்றொன்று. வியாபாரக் குறியின் பதிவுச் சான்று பட்டாவைப் போன்றது. புழக்கத்தைக் காட்டும் பில்லும் லேபிலும் அடங்கலைப் போன்றவை. நில விவகாரத்தில் பட்டாவுக்குள்ள கௌரவம் பெரிது. குறி விவகாரத்திலோ, அடங்கலுக்கு உள்ள பலம் பட்டாவுக்குக் கூட இல்லாத சந்தர்ப்பங்கள் உண்டு. சட்டத்தின் 34-ம் பிரிவு இதனைத் தெளிவாகக் கூறுகின்றது. பதிவு பெற்றவர் அக்குறியைப் புழங்கத் தொடங்கிய நாள், அவர் பெயரில் அது பதிவான நாள் என்ற இரண்டில் எது முந்தியதோ, அதற்கும் முன்னதாகவே தொடர்ந்து அக்குறியைப் புழங்கி வந்தவரைப் பதிவு பெற்றவர் தடுக்க முடியாது.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்குத் தக்க உதாரணம். மங்கிய வெளிச்சத்தில் அல்வா விற்ற கடைக்கு ஜனங்கள் இட்ட பெயர் அது. அப்பெயரைக் குறித்து எழுந்த விவகாரத்தில், இரு தரப்பாருமே பதிவு பெற்றவர்களாயிருந்தனர். ஆகவே பதிவைக் கொண்டு மட்டும் வழக்கைத் தீர்க்க இயலவில்லை. யார் முந்திப் புழங்கினார் என்பதே கேள்வியாயிற்று. பதிவு பெற்றவரது உரிமையைக் காட்டிலும் முந்திப் புழங்கியவரது உரிமையே மேலானது என்று 2015-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பழைய கடையினர் ஜெயித்தது, தங்கள் பழைமையை அவர்கள் கோர்ட்டில் ருசுப்படுத்த முடிந்ததனால்தான். பழைமை இருந்தும் ருசு இல்லாதிருந்தால் முடிவு வேறு விதமாயிருந்திருக்கும்.

ருசு இல்லாத உரிமை

கரும்பு பயிர் செய்து சொந்த ஆலையில் வெல்லம் காய்ச்சும் ஒரு மிராசுதாரை எண்ணிப் பார்ப்போம். அவர் பன்னிரண்டு வருஷமாக ‘நுகத்தடி மார்க்கு’ என்று சிப்பங்களில் முத்திரையிட்டுப் பட்டணத்துக் கமிஷன் மண்டிக்கு அனுப்பி வருகிறார். சுண்ணாம்பு அளவும் கொப்பரைச் சுத்தமும் நேர்த்தியாயிருப்பதால் அவர் சரக்குக்கு நல்ல பெயர். ஆனால் மண்டிச் சிட்டையில், ‘வெல்லம் 40 சிப்பம்’ என்று மாத்திரமே எழுதப்படுகின்றது. மார்க்கின் பெயர் இல்லை. லேபில் அச்சிட்ட ரசீது தொலைந்துவிட்டது. பழைய லேபிலோ, தேதியிட்ட படமோ இல்லை. மூன்று வருஷங்களுக்கு முன் அப்பெயரை எடுத்துக்கொண்ட வெளியூர் வியாபாரி ஒருவரோ, முதல் நாள் முதலே பெயர் போட்ட பில், அச்சகத்து ரசீது, விளம்பரம் அனைத்தையும் வரிசையாக வைத்திருக்கிறார். அவர் விண்ணப்பித்துப் பதிவு பெறுகிறார். பிறகு மிராசுதாரருக்கு வக்கீல் நோட்டீஸ் வருகின்றது.

இங்கே நியாயம் யார் பக்கம் என்பதில் ஊரில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஊர் அறிந்தது கோர்ட்டுக்குத் தெரியாது. 34-ம் பிரிவு மிராசுதாரரைக் காக்கக் காத்திருக்கிறது. அந்தக் காவலுக்குள் நுழைய வேண்டிய காகிதம் அவரிடம் இல்லை. பன்னிரண்டு வருஷத்துப் பெயரை மூன்று வருஷத்துப் பெயர் தோற்கடித்துவிடுகின்றது. சரக்கின் தரத்தை உயர்த்துவதற்கு எத்தனை உபதேசம் செய்தாலும், தரத்தால் வந்த நற்பெயர் பிறர் வசமாகுமானால் அவ்வுபதேசத்தால் பயன் என்ன?

எது அத்தாட்சி, எது அன்று

அத்தாட்சியாக வேண்டுமானால், ஒரு காகிதத்தில் மூன்று அம்சங்கள் காணப்பட வேண்டும்: குறி, சரக்கு, தேதி. இவற்றுடன் விற்றவர் பெயரும் இருந்தால் மிகவும் நன்று. மார்க்கின் பெயர், சரக்கின் பெயர், தேதி, வாங்கினவர் விலாசம் ஆகியவை எழுதப்பட்ட விற்பனைப் பில் இவற்றுள் தலையாயது. பை, லேபில், டின் முதலியவற்றை அச்சிட்டவர் கொடுத்த ரசீதும், அதனுடன் இணைத்து வைத்த லேபில் மாதிரியும் அடுத்தபடி. பத்திரிகை விளம்பரம், கண்காட்சியில் கடை போட்டதற்கான ரசீது, வாங்குவோர் மார்க்கின் பெயரைச் சொல்லி எழுதிய கடிதம் அல்லது கைப்பேசிச் செய்தி, இணைய வழி விற்பனைக் கணக்கு ஆகியவையும் பயன்படும்.

சிலர் உணவுப் பாதுகாப்பு லைசென்சையும் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றையும் காட்டினால் போதும் என்று எண்ணுகின்றனர். தொழில் நடக்கிறது என்பதற்கு அவை ஆதாரமாகலாம்; ஆனால் மார்க்கின் பெயர் அவற்றில் இல்லையேல், அம்மார்க்கு புழங்கியது என்பதற்கு அவை மட்டும் போதா. ‘வெல்லம் 40 சிப்பம்’ என்ற மண்டிச் சிட்டையும் அத்தகையதே. லேபிலைப் படம் பிடித்து நேற்றைய தினம் அச்சடித்து வைத்தால், பத்து வருஷங்களுக்கு முன் அது புழங்கியது என்று எங்ஙனம் விளங்கும்?

சரக்கின் தன்மையையே சொல்லும் பெயர்களுக்கு இந்த அத்தாட்சி இன்னும் அதிக அவசியம். ‘சுத்தமான நாட்டு வெல்லம்’ என்பது எவருக்கும் பொதுவான வர்ணனை. 9-ம் பிரிவு இத்தகைய சொற்களையும் ஊர்ப் பெயர்களையும் பதிவு செய்ய இடங்கொடுப்பதில்லை. ஆனால் விண்ணப்ப நாளுக்கு முன்பே, நெடும் புழக்கத்தால், ஜனங்கள் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் இன்னார் சரக்கு என்று அறியும்படி ஆகியிருந்தால் விலக்கு உண்டு. அவ்விலக்கைக் கேட்பவர் சாதாரண அளவைவிடப் பன்மடங்கு ருசு காட்டியாக வேண்டும். புதிதாகப் பெயர் வைப்பவர் சரக்கை வர்ணிக்காத ஒரு தனிப் பெயரைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

பொய்த் தேதியின் தீமை

பழைய தேதி போட்டால் உரிமை பலப்படும் என்று எண்ணி, ‘1985 முதல்’, ‘தாத்தா காலம் முதல்’ என்று எழுதிவிடும்படி சில இடைத்தரகர்கள் யோசனை சொல்கின்றனர். இதைவிடக் கெடுதலான யோசனை வேறில்லை. புழக்கத்தைப்பற்றிய வாக்குமூலம் பிரமாணத்தின்பேரில் அளிக்கப்படுவது. பொய்யென்று தெரிந்து கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். மேலும், விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் அது பதிவு ஆபீஸின் ஜர்னலில் பிரசுரமாகும். நான்கு மாதங்களுக்குள் எவரும் ஆட்சேபணை தாக்கல் செய்யலாம். அப்பொழுது எதிர்த்தரப்பார் முதலில் பிடிப்பது இந்தத் தேதியைத்தான். 1985-ம் வருஷத்து லேபிலில் கைப்பேசி நம்பர் அச்சாகியிருந்தால், அந்த ஒரு பொய்யினால் மற்ற உண்மைகளும் நம்பிக்கையை இழக்கும். 2012 முதல் உண்மையாகப் புழங்கியவர், 1985 என்று எழுதியதால் 2012-ஐயும் இழக்க நேரிடலாம்.

ருசு சரியாக இல்லாதவர், ‘இனிமேல் புழங்க உத்தேசம்’ என்று எழுதி விண்ணப்பிக்க நம் சட்டம் தாராளமாக இடம் தந்திருக்கிறது. அவ்விதம் எழுதுவதில் யாதொரு கௌரவக் குறைவும் இல்லை. அமெரிக்காவில் நிலைமை கடுமையானது. அங்கேயுள்ளவர் உத்தேசத்தைச் சொல்லி விண்ணப்பித்தாலும், வியாபாரத்தில் குறி உண்மையாகப் புழங்கியதற்கு மாதிரி காட்டினாலொழியப் பொதுவாகப் பதிவு முடிவு பெறாது. வெறும் பெயரைப் பிடித்து வைத்துக்கொள்வோரை ஒழிக்க, 2020-ம் வருஷத்தில் அங்கே மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டது. ஒருபோதும் புழங்காத குறியைப் பதிவினின்று நீக்கும்படி எவரும் மனுச் செய்ய அது வழி செய்கின்றது. மஞ்சளும் மிளகாயும் அந்நாட்டுக்கு அனுப்ப விரும்பும் சங்கத்தார் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நம் சட்டத்தின் தாராளம் சிறு குடியானவருக்கு அநுகூலம் என்பதில் ஐயமில்லை. பையும் லேபிலும் அச்சிட்டுப் பணம் போடுமுன் பெயருக்கு ஒரு காப்பு அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் அதே வாசல் வழியாகப் பெயர் பிடிப்போரும் நுழைகின்றனர். அவர்களைத் தடுக்க, ஏற்கெனவே புழங்குபவர் தம் புழக்கத்தை எழுத்தில் வைத்திருப்பதைவிடச் சிறந்த வேலி இல்லை.

புழங்கியவர் யார்?

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் இப்போது பல இடங்களில் தோன்றியுள்ளன. ஓர் அங்கத்தினர் பல வருஷங்களாகப் புழங்கிய பெயரைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, தானே ஆதி முதல் புழங்கியதாக எழுதிவிடுகின்றது. கம்பெனி பிறப்பதற்கு முன் கம்பெனி எப்படிப் புழங்கியிருக்கும்? அங்கத்தினர் தம் குறியை எழுத்து மூலமாகக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் மட்டுமே, அவருடைய பழைய புழக்கத்தைக் கம்பெனி தன் முன்னோரது புழக்கமாகக் காட்டலாம். தந்தை புழங்கிய பெயரை மைந்தரில் ஒருவர் மாத்திரம் தம் பெயரில் பதிவு செய்வதும் இத்தகைய சங்கடத்துக்கு வித்திடும். பாகப் பிரிவினையில் கிணற்றையும் களத்தையும் எழுதுவோர், குடும்பத்தின் வெல்ல மார்க்கையும் ஒரு வரியில் எழுதிவைத்தால் சகோதரர்களுக்குள் பிற்காலத்து விரோதம் குறையும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

‘இன்னார் இருபது வருஷமாக இம்மார்க்கைப் புழங்கி வருகிறார்’ என்று ஒரு சர்டிபிகேட் வேண்டுமென ஊரார் கிராம நிர்வாக அலுவலரையும் பஞ்சாயத்தையும் கேட்பதுண்டு. தயவினால் கையெழுத்திடுவது உபகாரமாகாது. தம் ரிக்கார்டில் இல்லாத ஒன்றைப்பற்றிக் கொடுக்கும் சான்று, எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும், கொடுத்தவருக்கும் தலைகுனிவு. ஆனால் ரிக்கார்டில் உள்ளதைக் கேட்டால் தாமதமின்றிக் கொடுப்பது கடமை. இத்தனை ஏக்கரில் இன்ன பசலியில் கரும்பு பயிராயிற்று என்ற அடங்கல் நகல், மார்க்குக்கு ருசுவாகாவிட்டாலும், சரக்கு உற்பத்தியானதற்கு நல்ல துணை ஆதாரம்.

இதில் விற்பனை ஸ்தாபனங்களுக்கும் பங்குண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களும், கூட்டுறவு விற்பனைச் சங்கங்களும், தனியார் மண்டிகளும் சரக்கின் பெயருடன் அதிலுள்ள மார்க்கையும் சிட்டையில் ஒரு வார்த்தை எழுதுவதை வழக்கமாக்க வேண்டும். இதற்குப் புதுச் செலவு ஒன்றுமில்லை. குடியானவருக்குக் கணக்கு எழுத நேரமேது என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. அதனாலேயே, அன்றாடம் கணக்கு எழுதும் ஸ்தாபனங்கள் இந்த ஒரு வார்த்தையைச் சேர்ப்பது அவசியமென்று வற்புறுத்த வேண்டியிருக்கிறது. சர்க்கார் நடத்தும் கண்காட்சிகளில் கொடுக்கப்படும் ரசீதுகளிலும் இம்முறை தொடங்கினால் மற்றவர்கள் பின்பற்றுவார்கள்.

பதிவுக்குப் பின்னும் புழக்கம்

பதிவு கிடைத்தது என்று காகிதக் கட்டை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடலாகாது. பதிவு 10 வருஷங்களுக்குச் செல்லும். பின்னர் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கலாம். ஆனால் பதிவேட்டில் ஏறிய நாள் முதல் தொடர்ச்சியாக ஐந்து வருஷமும் அதற்கு மேலும் புழங்காது கிடந்த குறியை நீக்கும்படி, பாதிக்கப்பட்ட எவரும் 47-ம் பிரிவின்படி கோரலாம். நீக்க மனு வரப்போவதை அறிந்து அவசரமாக நான்கு பை விற்றுக் கணக்குக் காட்டுவதும் செல்லாது. மனுவுக்கு முந்திய மூன்று மாதத்துப் புழக்கத்தைச் சட்டம் தள்ளிவிடுகின்றது. தரிசு போட்ட நிலத்தில் பிறர் கண் விழுவதுபோல், புழங்காத குறியிலும் விழும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. ஜூலை மாதம் முதல் தேதி பசலி பிறக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு உறை போட்டு, அதன்மேல் பசலி எண்ணை எழுத வேண்டும். அவ்வருஷத்துப் புது லேபில் ஒன்று, அச்சகத்து ரசீது ஒன்று, மாதத்துக்கு ஒன்றாக மார்க்குப் பெயர் கண்ட பில் நகல் பன்னிரண்டு, விளம்பரமோ கண்காட்சி ரசீதோ இருந்தால் அதுவும் ஆக இவற்றை அதில் சேர்த்து, ஜூன் முடிவில் மூடி, நிலப் பத்திரங்கள் உள்ள பெட்டியிலேயே வைத்துவிடலாம். இதற்கு வருஷத்தில் ஒரு பகல் வேலைகூட ஆகாது. வெல்லம் காய்ச்சுகிறவர் பாகின் பதம் பார்ப்பதில் காட்டும் ஜாக்கிரதையில் சிறிது இதற்கும் செலவிட்டால், அவர் பெயரால் விற்கும் சரக்கு அவருடையதாகவே நிலைக்கும்.